பால் கொடுக்கும்போது வலித்தால்



பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள். குழந்தை பாலுக்கு அழுகிறது. தாயோ அதை மார்பில் போடும் முன்பே பல்லைக் கடித்துக்கொள்கிறாள். காம்பு வெடித்திருக்கிறது, இரத்தமும் கசிகிறது. “தலைப்பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோம்மா” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதில் பாதிதான் சரி. முதல் சில நாட்கள் குழந்தை வாய் வைத்ததும் சுருக்கென்று வலித்து, உடனே அடங்குவது உண்டு. குடித்து முடிக்கும்வரை வலித்தாலோ, தோல் வெடித்தாலோ அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல.

பெரும்பாலும் காரணம், குழந்தை மார்பைப் பிடிக்கும் விதம். உங்கள் நாக்கு நுனியால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள். ஆண்களும்தான். பல்லுக்குப் பின்னால் கெட்டியாக இருக்கும். நாக்கை உள்ளே வளைத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் மெத்தென்று ஆகும். குழந்தையின் வாயில் காம்பு போய்ச் சேர வேண்டியது கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு. அங்கே அது நசுங்காது. நுனியை மட்டும் கவ்வினால் நாக்குக்கும் கெட்டி அண்ணத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. குடித்த பின் காம்பு, புது லிப்ஸ்டிக்கின் நுனி மாதிரி ஒரு பக்கம் சரிந்து வெளியே வந்தால், நசுங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைச் சரிசெய்யாமல் எந்தக் களிம்பைத் தடவியும் பயனில்லை. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். வாயை நன்றாக அகலத் திறக்கும்வரை காத்திருங்கள். பிறகு குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனியாதீர்கள், முதுகும் சேர்ந்து வலிக்கும். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி, கருவளையம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடி சரி. வலித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்தால் பிடி தளரும்.

காம்பைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், தோல் இன்னும் வறளும். கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலையே தடவிக் காற்றாட விடலாம். இரத்தம் சிறிது கலந்த பாலைக் குடித்ததால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. தாங்கவே முடியாவிட்டால் கையால் பீய்ச்சிப் பாலாடையிலோ சங்கிலோ புகட்டுங்கள். எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும். அந்த வேதனை வேறு.

பிடி சரியாக இருந்தும் வலிக்கிறதா? குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, வெளியே நீளாமல் இருக்கலாம். வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலமும், உங்களுக்கு விடாத எரிச்சலும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். மருந்து இருவருக்கும் சேர்த்துத்தான். மார்பு சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

போகும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். “நான் பால் கொடுப்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பாருங்கள்” என்று செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.