மின்னணுக் கழிவு: நல்ல விலையா, நல்ல கையா?

(நமது சங்கத்தின் தில்லி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் வறண்ட விஷயம்தான். பழைய டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் இவற்றை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் இது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கும் சமாசாரம். உங்கள் வீட்டுப் பரணையும் மேஜை டிராயரையும் ஒரு நிமிஷம் மனதில் நினைத்துப் பாருங்கள். உயிர் போன இரண்டு மூன்று செல்போன்கள், ஒன்றுக்கும் பொருந்தாத சார்ஜர்கள், பிள்ளை அமெரிக்கா போகும்போது விட்டுப்போன லேப்டாப், ஒருவேளை பெரிய பெட்டி டி.வி. கூட இருக்கலாம். இதற்குத்தான் மின்னணுக் கழிவு, ஈ-வேஸ்ட், என்று பெயர்.

2022-ஆம் வருஷம் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். மீதி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

உள்ளே என்ன இருக்கிறது?

நான் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவன். அதனால் இந்தப் பெட்டிகளை ரசாயனக் கண்ணோடு பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பழைய பெட்டி டி.வி.யின் கண்ணாடிக் குழாயில் ஒன்றிரண்டு கிலோ ஈயம் கலந்திருக்கும். பழைய சர்க்யூட் போர்டுகளில் ஈயப் பற்று உண்டு. ட்யூப் லைட்டில் பாதரசம், சில பழைய பேட்டரிகளில் காட்மியம், பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் கூட்டுப்பொருட்கள் என்று பட்டியல் நீளும்.

உடனே யாரும் பயப்பட வேண்டாம். முழுசாகப் பரணில் கிடக்கும் டி.வி. யாருக்கும் பெரிய கெடுதல் செய்வதில்லை. அதை உடைக்கும்போதும், எரிக்கும்போதும், அமிலத்தில் போடும்போதும்தான் ஆபத்து தொடங்குகிறது. ஆகவே, நம் வீட்டை விட்டுப் போன பிறகு அதை யார், எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கே போகிறது?

தில்லியில் நாம் கபாடிவாலாவிடம் போடுகிறோம். அவரிடமிருந்து கைமாறி அது வடகிழக்குத் தில்லியில் சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போகிறது. அங்கே பிரித்தெடுத்த சர்க்யூட் போர்டுகள் உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் வரை போவதுண்டு. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்போன ஊர் அது. உலோகத்தை உருக்கத் தெரிந்த கைகள் அங்கே நிறைய. செம்புக்காக ஒயர்களைத் தீயில் போடுகிறார்கள். மேலே இருக்கும் பி.வி.சி. எரிந்தால் டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு புகையில் கலக்கும். போர்டுகளை அடுப்பில் வாட்டிச் சில்லுகளைப் பெயர்க்கிறார்கள், தங்கத்துக்காக அமிலத் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. சாம்பலும் அமிலமும் சாக்கடைக்கும், ராமகங்கைக் கரைக்கும் போயிருக்கின்றன. ராமகங்கை கங்கையில் கலக்கும் நதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சீனாவில் குவெய்யு என்ற ஊர் ஒரு காலத்தில் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஆறு வயதுக்கு உட்பட்ட 165 குழந்தைகளின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அவர்கள் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராம். அந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரில் அது 9.94. குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, படிப்பைப் பாதிக்கிறது. இதற்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. படிப்புதான் சொத்து என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாம். இன்னொருவர் குழந்தையின் அந்தச் சொத்து நம் வீட்டுப் பழைய சாமானால் கரையலாமா?

அதிக விலை என்பதன் அர்த்தம்

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்க அலுவலகங்களில் பழுதான சாமான்களைக் கழித்துக்கட்டி ஏலம் விடுவது வழக்கம். யார் அதிக விலை கேட்கிறாரோ அவருக்குக் கொடுக்க வேண்டும். நாற்காலி, மேஜைக்கு அது சரியான நியாயம். மின்னணுச் சாமானுக்கு அது தலைகீழ் நியாயம். புகையை வடிகட்ட இயந்திரம், கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு, தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்று செலவழிப்பவரால் நமக்கு அதிக விலை கொடுக்க முடியாது. பிளாஸ்டிக் தொட்டியில் அமிலத்தை ஊற்றி வேலையை முடிப்பவருக்கு அந்தச் செலவே இல்லை. அதனால் அவர் நூறு ரூபாய் கூடக் கொடுப்பார். அந்த நூறு ரூபாய் ஒரு தொழிலாளியின் நுரையீரலிலிருந்து வருகிறது.

2010-ல் இதே தில்லியில் மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்டில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் உபயோகமில்லாமல் கிடந்த கருவி ஏலத்தில் போனது. அதற்குள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. தெரியாமல் அதைப் பிரித்தார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அது வேறு வகைச் சாமான், அதற்குச் சட்டமும் வேறு. ஆனால் பாடம் ஒன்றே. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு விற்பவருக்கு உண்டு.

சட்டம் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகள் 2011-ல் வந்தன; 2012 மே மாதம் அமலாயின. 2016-ல் அவை மாற்றப்பட்டன. 2022-ன் புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தயாரித்த கம்பெனியே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். பெரிய அலுவலகங்கள் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நம்மைத் தேடி எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அதனால் நாமாகச் செய்தால்தான் உண்டு.

முறையாகச் செய்தால் இதில் லாபமும் இருக்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போய், ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம் எடுத்தார்கள். கட்டுப்படியாகாமல் 2001-ல் அது மூடப்பட்டது. ஜப்பானியர்களோ டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு வேண்டிய சுமார் 5,000 பதக்கங்களுக்கான உலோகத்தைப் பொதுமக்கள் கொடுத்த பழைய சாதனங்களிலிருந்தே எடுத்தார்கள். 2017 முதல் 2019 வரை இரண்டு வருஷத்தில் சுமார் 62 லட்சம் செல்போன்களும் ஏறக்குறைய 79,000 டன் மற்றச் சாமான்களும் சேர்ந்தன. கிடைத்த தங்கம் 32 கிலோ.

“கபாடிவாலாவின் பிழைப்பு என்ன ஆவது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தச் சேகரிப்பு வேலையைக் கூலியோடு அவருக்கே கொடுக்கலாம். எரிப்பதும் அமிலத்தில் போடுவதும்தான் நிற்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஓடுகிற சாமானைக் கழிவாக்காதீர்கள். ரிப்பேர் செய்து உபயோகியுங்கள், அல்லது தேவைப்படும் மாணவருக்குக் கொடுங்கள்.

2. கொடுப்பதற்கு முன் சிம், மெமரி கார்டு எடுத்துவிட்டு, போனிலும் கம்ப்யூட்டரிலும் உள்ள விவரங்களை அழித்துவிடுங்கள். தெரியாவிட்டால் பேரனைக் கேளுங்கள்.

3. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. லித்தியம் பேட்டரியைச் சமையலறைக் குப்பையோடு போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும்.

4. பெட்டி டி.வி.யையும் ட்யூப் லைட்டையும் உடைக்காமல் முழுசாகக் கொடுங்கள். போகி அன்று ஒயரையும் பிளாஸ்டிக்கையும் நெருப்பில் போடாதீர்கள்.

5. வாங்க வருபவரிடம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவு எண்ணையும் ரசீதையும் கேளுங்கள். விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரு வீட்டிலிருந்து இரண்டு செல்போனை எடுத்துப் போகப் பதிவு பெற்ற நிறுவனம் வண்டி அனுப்பாது. ஐம்பது வீடுகள் சேர்ந்தால் அனுப்பும். ஒவ்வொரு ஊரிலும் நம் கிளைகள் வருஷத்தில் இரண்டு நாள் இதற்கென்று ஒதுக்கட்டும். வருகிற சொற்பத் தொகை கல்வி நிதிக்குப் போகட்டும். நம் கிளையில் அடுத்த பொதுக்குழுவிலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியல் எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அதைத்தானே செய்தேன்!