கார்த்திகையில் வீடு பாருங்கள்

உதகையில் கைக்குழந்தையோடு இருப்பவர்கள் சிலர் கேட்பார்கள்: "இந்தக் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கலை. வேற ஊருக்குப் போயிடலாமா?"

போகலாம். ரொம்ப தூரம் போக வேண்டாம். மலையில் ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 6 டிகிரி வெப்பம் கூடும். குன்னூர், உதகையைவிடத் தாழ்வு. குளிரும் குறைவு. மேட்டுப்பாளையம் அடிவாரம். அங்கே ஸ்வெட்டருக்கு வேலை இல்லை. கொசுவலைக்கு உண்டு!

ஆனால் குளிரை மட்டும் பார்க்காதீர்கள். மழையையும் பாருங்கள். உதகையில் ஆடி மாதம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பள்ளிச் சீருடை துவைத்தால் காயாது.

மே மாதம் வீடு பார்க்கப் போனால் எல்லா வீடும் நல்ல வீடுதான். கார்த்திகையில் போய்ப் பாருங்கள். ஆமாம், மழையில்தான். சுவரைத் தொட்டுப் பாருங்கள். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால், இருமுகிற பிள்ளைக்கு அந்த வீடு வேண்டாம். காலையில் வெயில் எந்த அறைக்கு வரும் என்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள். தரகர் அதைச் சொல்ல மாட்டார்.