வாசலில் ஒரு பரீட்சை

கல்லூரியொன்று தன்னை நாடி வரும் மாணாக்கரை எவ்வாறு வரவேற்கின்றது என்பதைக் கொண்டே அதன் இயல்பைப் பெரும்பாலும் அறிந்துகொள்ளலாம். சில கல்லூரிகள் சிறந்த புள்ளி பெற்றோரை மட்டும் தெரிந்தெடுத்து, மற்றையோரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வேறு சில கல்லூரிகள் வருவோர் எல்லோரையும் ஏற்றுக்கொள்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ள சமுதாயக் கல்லூரிகள் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை. எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்த அக்கல்லூரிகள், கதவுக்கு உட்புறத்திலே ஒரு பரீட்சையையும் வைத்தன. அந்தப் பரீட்சையின் கதை, கல்வியில் அக்கறை கொண்ட எவரும் சிந்திக்கத்தக்கதொன்று.

1901ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோலியட் என்னும் நகரிலே, ஆறு மாணாக்கருடன் ஒரு சிறு கல்லூரி தொடங்கியது. பாடசாலைப் படிப்பை முடித்தோர், பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களைத் தம் ஊரிலிருந்தே கற்பதற்கு அது வழிசெய்தது. அந்நாட்டில் பொதுப் பணத்தில் நடைபெற்ற முதற் கனிட்ட கல்லூரி அதுவே. 1944இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் உயர்கல்வி பெறுவதற்கு அரசாங்கப் பண உதவியை அளித்தது. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் அமைத்த ஆணைக்குழு, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்க வேண்டுமென விதந்துரைத்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியதும் அக்காலத்திலேதான். இன்று அந்நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் இயங்குகின்றன. பகலில் வேலை செய்து மாலையிற் படிப்போர், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படிப்போர், வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் எனப் பலதிறப்பட்டோரும் அங்கே கற்கின்றனர்.

எல்லோரையும் சேர்த்துக்கொண்டால், எல்லோரும் ஒரே தகைமையுடன் வருவார்கள் என எதிர்பார்க்க முடியாது. பின்னங்களைக் கூட்டத் தெரியாதவரும், ஒரு பந்தியைப் பிழையின்றி எழுத இயலாதவரும் வருவர். அவர்களை நேரே கல்லூரித் தரத்துப் பாடத்தில் அமர்த்தினால் அவர்களுக்கும் துன்பம், ஆசிரியருக்கும் துன்பம். ஆதலால் புதிதாய் வருவோரைக் கணிதம், வாசிப்பு, எழுத்து என்பவற்றிற் சோதித்து, இன்ன வகுப்பில் இருத்துவது என நிருணயிக்கும் முறை ஏற்பட்டது. இதனை வகுப்பு நிருணயப் பரீட்சை எனலாம். குறித்த புள்ளிக்குக் கீழே பெற்றவர், ஆயத்த வகுப்புக்களுக்கு அனுப்பப்பட்டார். இவற்றை முன்னர் பரிகாரக் கல்வி என்றனர். பின்னர் விருத்திக் கல்வி என்று பெயரை மாற்றினர்.

பரீட்சை பெரும்பாலும் கணனியில் நடைபெறுவது. அக்கியூபிளேசர் என்பதும் கொம்பஸ் என்பதும் இவ்வகையில் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தன. ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாக வரும். தவறினால் இலகுவாக வரும். சிறிது நேரத்துள் புள்ளி திரையிலே தோன்றிவிடும். பலர் ஒருவித ஆயத்தமுமின்றியே இதற்கு அமர்ந்தனர். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து வந்தவர், மறந்துபோன அட்சரகணிதத்தை நினைவுபடுத்திக்கொள்ள ஒரு வாரமேனும் எடுத்துக்கொள்ளாமல் விடையளித்தார். அந்தச் சில நாழிகையிலே அவருடைய அடுத்த ஓரிரு ஆண்டுகள் முடிவாகிவிட்டன.

தாதியாக வர விரும்பும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவள் பகலில் ஒரு கடையிலே வேலை செய்கிறாள். கணிதப் பரீட்சையில் அவளுக்குக் குறைந்த புள்ளி கிடைக்கின்றது. கல்லூரித் தரக் கணிதத்தைத் தொடுவதற்கு முன்னர் எண்கணிதம், தொடக்க அட்சரகணிதம், இடைநிலை அட்சரகணிதம் என மூன்று வகுப்புக்களை அவள் கடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை செல்லும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. ஆயினும் அவற்றில் ஒன்றுதானும் பட்டத்திற்குரிய கணக்கிற் சேராது. வறிய மாணாக்கருக்கு மத்திய அரசாங்கம் வழங்கும் பெல் உதவிப் பணம் வாழ்நாளில் பன்னிரண்டு தவணைகளுக்கே உரியது. ஆயத்த வகுப்பிற் செலவான தவணையும் அந்தப் பன்னிரண்டிலேதான் கழிகின்றது. பணம் ஒருபுறமிருக்க, ஓராண்டுக்கு மேலாகப் படித்தும் கல்லூரிப் பாடத்தை இன்னும் தொடவில்லையே என்ற சோர்வு வேறு.

இந்த ஏற்பாட்டின் விளைவை முன்கூட்டியே கவனித்தோரும் உண்டு. பேர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலறிஞர் கலிபோர்ணியாவில் ஒரு கனிட்ட கல்லூரியை ஆராய்ந்து 1960இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அக்கல்லூரி எவரையும் வாசலில் வைத்து மறுப்பதில்லை. ஆனால் பரீட்சை, பரிகார வகுப்பு, ஆலோசனை எனப் படிப்படியாக ஒருவனுடைய பெரிய ஆசையை ஆறவைத்து, சிறிய இலக்கொன்றை அவனே ஏற்றுக்கொள்ளச் செய்கின்றது என்று அவர் விளக்கினார். அவன் தோல்வியுற்றதாக எவரும் சொல்லவில்லை. தன்னால் இயலாது என்று அவனே சொல்லிக்கொண்டு விலகுகின்றான்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் இதனை எண்ணிக்கையாற் காட்டினர். 57 கல்லூரிகளிற் பயின்ற 2,50,000க்கு மேற்பட்ட மாணாக்கரைப் பற்றிய அவ்வாய்வு 2010இல் வெளிவந்தது. ஆயத்தக் கணிதத்துக்கு அனுப்பப்பட்டோருள் நூற்றுக்கு 33 பேரும், வாசிப்புக்கு அனுப்பப்பட்டோருள் நூற்றுக்கு 46 பேருமே அவ்வகுப்பு வரிசையை முடித்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் ஆயத்த வகுப்பு எதிலும் சேரவேயில்லை. வகுப்பிலே தவறி அல்லது இடையிற் கைவிட்டு நீங்கியோரைவிட, முதல் வகுப்பிலோ அடுத்த வகுப்பிலோ பதிவு செய்யாமலே மறைந்தோர் அதிகம் என்பதே அவ்வாய்வு வெளிப்படுத்திய பேருண்மை.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறு கணக்கொன்றாலே உணரலாம். நூறு பேர் மூன்று வகுப்புக்களைக் கடக்க வேண்டுமென வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வகுப்பிலும் பத்துக்கு எழுவர் சித்தியெய்துவதாகவும் கொள்வோம். முதல் வகுப்பின் முடிவில் எழுபது பேர்; இரண்டாவதன் முடிவில் நாற்பத்தொன்பது பேர்; மூன்றாவதன் முடிவில் முப்பத்துநால்வர். இடையில் ஒருவரேனும் விலகாவிட்டாலே இந்த நிலை. ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பு நன்றாக நடந்ததென்றே கருதுவார்; அவர் கருதுவதும் பிழையன்று. வகுப்புக்கள் நன்று, அவற்றைத் தொடுத்த நீளமே தீது.

பரீட்சையின் தீர்ப்பேனும் சரியானதா என்ற கேள்வியும் எழுந்தது. கணிதத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரும், ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் பெரிதும் தவறான வகுப்பில் இருத்தப்படுகின்றனர் என 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கல்லூரித் தரத்திற் சித்தியெய்தக் கூடியவர் கீழே அனுப்பப்படுவதே அதிகமாயிருந்தது. ஒருநாட் பரீட்சையைவிடப் பாடசாலையிற் பல ஆண்டுகளாகப் பெற்ற புள்ளிகள் நம்பத்தக்கவை என்றும் அறியப்பட்டது. இதிலே வியப்பில்லை. பாடசாலைப் புள்ளி, ஒருவர் நாள்தோறும் வந்தாரா, அப்பியாசங்களைச் செய்தாரா, தவறிய பின்னரும் முயன்றாரா என்பவற்றையும் சேர்த்துச் சொல்கின்றது. கணனித் திரைக்கு அவை தெரியா. கொம்பஸ் பரீட்சை 2016இல் நிறுத்தப்பட்டது.

குறையைக் கண்டோர், அதனைத் தீர்க்கும் வழியையும் தேடினர். மேரிலாந்து மாநிலத்தின் பால்ரிமோர் பகுதிச் சமுதாயக் கல்லூரியில், பீட்டர் அடம்ஸ் என்னும் ஆசிரியரின் முயற்சியால் 2007இல் ஒரு புதிய முறை ஆரம்பமாயிற்று. குறைந்த புள்ளி பெற்றோரும் மற்றையோருடன் கல்லூரித் தர எழுத்து வகுப்பிலேயே அமர்ந்தனர். அது முடிந்ததும் அதே ஆசிரியர் அவர்களைச் சிறு குழுவாக வைத்து, அன்றைய பாடத்தில் விளங்காதவற்றை விளக்கினார். நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று சமுதாயக் கல்லூரிகளில் 2013இல் மற்றொரு சோதனை நடைபெற்றது. தொடக்க அட்சரகணிதத்துக்கு அனுப்பப்பட வேண்டிய ஏறக்குறைய 900 மாணாக்கர் திருவுளச் சீட்டு முறையில் மூன்று பிரிவாக்கப்பட்டனர். அட்சரகணிதம் மட்டும் படித்தோருள் நூற்றுக்கு 39 பேர் சித்தியெய்தினர். அட்சரகணிதத்துடன் உதவி வகுப்பும் பெற்றோருள் 45 பேர் சித்தியெய்தினர். நேரே கல்லூரித் தரப் புள்ளிவிபரவியலில் அமர்ந்து உதவி வகுப்பும் பெற்றோருள் 56 பேர் சித்தியெய்தினர். தகுதியில்லை எனப்பட்டவர்களே உயர்ந்த பாடத்தில் அதிகமாகத் தேறினர்.

சட்டமன்றங்களும் இதனைக் கவனித்தன. புளோரிடா மாநிலம் 2013இல் இயற்றிய சட்டத்தின்படி, அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து அண்மையில் வெளியேறிய பெரும்பாலோருக்கு இப்பரீட்சையும் ஆயத்த வகுப்பும் கட்டாயமில்லை என்றாயிற்று. கலிபோர்ணியாவில் 2017இல் நிறைவேறிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஒரு மாணவனை ஆயத்த வகுப்புக்குக் கட்டாயமாக அனுப்ப வேண்டுமாயின், அவன் மேற்பாடத்திற் சித்தியெய்துவது மிக அரிது என்பதையும், ஆயத்த வகுப்பினால் அவனுக்கு நன்மை விளையும் என்பதையும் கல்லூரியே காட்ட வேண்டும். தன் தகுதியை நிலைநாட்டும் சுமை மாணவன் தோளிலிருந்து இறங்கியது. அவன் தகுதியின்மையை நிலைநாட்டும் சுமை கல்லூரியின் தோளில் ஏறியது.

இம்மாற்றத்தை ஏற்காத ஆசிரியரும் உளர். அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. அடிப்படையே இல்லாத மாணவன் மேல் வகுப்பில் அமர்ந்து தவறினால், அத்தோல்வி அவன் பதிவேட்டில் நிலைத்துவிடும் என்கின்றனர். புளோரிடாவில் மேற்பாடத்திற் சேர்ந்தோருள் சித்தியெய்தியோர் வீதம் சற்றுக் குறைந்ததும் உண்மையே. ஆனால் அவ்வாண்டிற் கல்லூரிக்கு வந்தோர் அனைவரையும் சேர்த்து எண்ணினால், அப்பாடத்தைக் கடந்தோர் தொகை கூடியே இருந்தது. வகுப்பறையில் இருப்போரை மட்டும் எண்ணுபவர், முன்னைய முறையில் வகுப்பறையை எட்டாமலே போனவர்களை மறந்துவிடுகின்றனர்.

எனினும் இவ்வரலாற்றிலிருந்து உதவியே வேண்டாம் என்று எவரேனும் முடிவு செய்வாராயின் அது பெருந்தவறு. பரீட்சையை நீக்கிவிட்டு, உதவி வகுப்புக்குப் பணமும் ஆசிரியரும் தராத கல்லூரி, மாணாக்கரைத் துணையின்றி விட்டதாகவே முடியும். பால்ரிமோரிலும் நியூயோர்க்கிலும் வெற்றி தந்தது, தடையை நீக்கியது மட்டுமன்று. துணையை இடம் மாற்றியதுமாகும். பலவீனமான மாணாக்கருக்கு உதவி தேவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்த உதவியைப் பாடத்துக்கு முன்னே வைப்பதா, பாடத்தின் பக்கத்தில் வைப்பதா என்பதே கேள்வி.

கொடி படர்வதற்குக் கொழுகொம்பு வேண்டும். அதனைக் கொடியின் அருகிலே நடுவதுதான் தோட்டக்காரன் வழக்கம். தோட்டத்துக்கு வெளியே கொம்பை நட்டுவிட்டு, முதலில் அதிலே ஏறிப் பழகிக்கொண்டு பின்னர் உள்ளே வா என்று எந்தத் தோட்டக்காரனும் கொடியிடம் சொல்வதில்லை.