நாம் வந்து சேர்ந்த ஊர்



இந்த ஜூபிலி ஆண்டில் நம் ஆலயத்தின் வரலாற்றைப் பலரும் பேசிவிட்டனர். நாம் வந்து சேர்ந்த ஊரைப் பற்றியும் சிறிது நினைத்துப் பார்ப்போம்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் அம்பத்தூர் ஓர் ஏரிப்பாசனக் கிராமம். அக்காலத்தில் மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவருக்கு ரொக்கச் சம்பளம் கிடையாது. களத்து நெல்லில் ஒரு பங்கு. தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் அப்படியே. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் இச்சீமையின் கிராமங்களை ஆய்ந்தபோது இப்பங்குகள் கணக்கில் எழுதப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏரியைத் தூர் வாரிய சேரி மக்கள் ஊர்க்கிணற்றில் நீர் மொள்ள முடியாது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பின்பு 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை, 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, 1964-ல் தொழிற்பேட்டை. நம்மில் பலர் அந்த வேலைகளை நம்பி வந்தவர்கள். வயல்களில் மனை வாங்கினோம், வாய்க்கால்கள் தூர்ந்தன. 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும். பழைய ஊரார் அறிந்திருந்த இந்த வழியை, 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோதுதான் நாம் விசாரித்தோம். இன்று நம் கழிவுநீரும் அதே வழியாகவே கொரட்டூராரிடம் போகிறது.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் ஏரிக்கரையில் கலங்கல் வரை நடக்க இருக்கிறோம். பெரியவர்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.