பின்சுவருக்கு ஒட்டுப் போடுவது

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில், மேசன் வேலை செய்யும் அங்கத்தவர் ஒருவர் பேசியது)



போன மழையில் நம் லயத்தில் பின்சுவர்ப் பூச்சு உதிராத வீடு குறைவு. பூச்சு போன இடத்தால் ஈரம் உள்ளே வருகிறது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள். லயத்தைத் திருத்துவது நிர்வாகத்தின் வேலை, அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. "நாமே பூசிக்கொண்டால் துரை இனி எதையும் செய்யமாட்டார்" என்று தலைவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே முதலில் கடிதம். எத்தனையாவது காம்பரா, எந்தச் சுவர், எவ்வளவு அகலம் என்று எழுதுங்கள். போனில் படம் எடுங்கள். ஆபிஸில் கொடுத்து, பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்கிக் கமிட்டியிடம் தாருங்கள். சீமெந்தாவது தரச்சொல்லிக் கேளுங்கள். ஆனால் பதில் வரும்வரை பிள்ளையின் நெஞ்சுச்சளி காத்திருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். கொழும்பில் வேலை பழகிவிட்டு வந்த புதிதில் அம்மாவின் காம்பராவுக்குப் பூசினேன். ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல். கண்ணாடி மாதிரி இழைத்தேன், லயமே வந்து பார்த்தது. அடுத்த மழையில் ஒரே பாளமாகக் கழன்று விழுந்தது, பக்கத்தில் நன்றாக இருந்த பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு. அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

காரணம் இதுதான். பழைய லயங்கள் பல, கருங்கல்லை மண்ணிலும் சுண்ணாம்பிலும் வைத்துக் கட்டியவை. அந்தச் சுவர் மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். கெட்டிச் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூச்சைத் தள்ளும். சாந்து மெதுவாக இருக்கவேண்டும்: சீமெந்து ஒன்று, நீற்றிய சுண்ணாம்புத் தூள் ஒன்று, மணல் ஆறு. சின்ன ஒட்டுக்குப் பால்மா டின்னாலேயே அளக்கலாம். மணலைப் போத்தலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மேலே தடிப்பாகச் சேறு படிந்தால் அந்த மணலைக் கழுவாமல் பாவிக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவு மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கிய சாந்துக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினால் அது பிடிக்காது.

பூச்சில் கைவைக்குமுன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தகரத்து ஓட்டையா, பின்னால் அடைபட்ட கானா, மேட்டிலிருந்து சரிந்து சுவரோடு குவிந்த மண்ணா? மண்ணை இழுத்துவிட்டுக் கானைத் துப்புரவாக்காமல் பூசுவது வீண்வேலை.

பிறகு சுத்தியல் காம்பால் தட்டுங்கள். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம் சுவரை விட்டுவிட்டது. இரக்கம் பார்க்காமல் உளியால் எடுங்கள். ஓரத்தைச் சரிவாக விடாமல் நேராக வெட்டுங்கள், சரிந்த ஓரத்தில் சாந்து மெல்லியதாகி உரிந்துவிடும். பாசியைத் தேய்த்துத் தூசியைத் தட்டிவிட்டு, சுவரை நனையுங்கள். ஈரம் இருக்கவேண்டும், தண்ணீர் வழியக்கூடாது. காய்ந்த சுவரில் பூசினால் சாந்திலுள்ள தண்ணீரைச் சுவர் உறிஞ்சிவிடும்.

ஒரு தடவைக்குச் சுண்டுவிரல் தடிப்புத்தான், 10 மில்லிமீற்றர் அளவு. ஆழமான குழியென்றால் கல்துண்டுகளைச் சாந்தோடு வைத்து அடைத்து, முதல் பூச்சை ஆணியால் கீறிவிட்டு, மறுநாள் அடுத்தது. கடைசியில் மரப்பலகையால் தேயுங்கள். கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் நல்லது. என்னைப்போல் கண்ணாடி செய்யப் போகாதீர்கள்! ஒரு வாரம் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, காய விடாமல் தண்ணீர் தெளியுங்கள். கையில் சொப்பிங் பேக்காவது கட்டிக்கொள்ளுங்கள், சீமெந்தும் சுண்ணாம்பும் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு ஏற்ற காலம். மே பிறந்தால் தென்மேற்கு மழை பிடித்துவிடும். நுவரெலியாவில் துகள் உறைபனி விழும் நாட்களில் பூசவேண்டாம். பதுளைப் பக்கத்துச் சொந்தங்களுக்கு ஜூன், ஜூலைதான் வாய்ப்பு.

இன்னொன்று. எல்லா வெடிப்பும் பூசக்கூடியதல்ல. சுவரின் உள்ளும் புறமும் ஒரே இடத்தில் சாய்வாக ஓடும் வெடிப்பு, திடீரென்று மூடமுடியாமல் போன கதவு, தரையில் பிளவு, மேட்டிலிருந்து புதிதாக ஊறும் தண்ணீர் — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கரண்டியைக் கீழே வையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்களை நாம் மறக்கவில்லை. கமிட்டிக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கவேண்டும். மழை கொட்டுகிறதென்றால் அவர்கள் வரும்வரை அந்த வீட்டில் படுக்காதீர்கள். சந்தேகமான சிறு வெடிப்பென்றால், இரண்டு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டினால் அதுவும் கமிட்டிக்கு வரவேண்டிய செய்தி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி லயத்துப் பின்சுவரில் செய்து காட்டுகிறேன். பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். வீட்டுக்கு ஒரு பழைய சாக்குக் கொண்டுவாருங்கள். உளி என்னிடம் இரண்டு இருக்கிறது.