பட்காய் மலையும் பர்மா எல்லையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இமயமலையை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். இந்தியாவுக்கும், இன்று மியன்மார் எனப்படும் பர்மாவுக்கும் நடுவே கிடக்கும் மலைகளைப் பற்றிப் பேசுவார் இல்லை. இத்தனைக்கும் நம்மவர்கள் கால் தேய நடந்து கடந்த மலைகள் அவை.

வடக்கே பட்காய், அடுத்து நாகா மலை, மணிப்பூர் மலை, தெற்கே மிசோ மலை. நான்கு மாநிலங்களின் ஓரமாக எல்லை 1,643 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்திய நிலத்தட்டு பர்மாவுக்கு அடியில் நுழைந்து நெருக்கியதால் மடிந்து எழுந்த மலைகள் இவை. நாகா மலையின் உச்சியான சாராமதியே 3,800 மீட்டர் சொச்சம்தான். ஆனால் பாறை இளசு, மழை பெரிது. போட்ட சாலை அடுத்த மழையில் சரிகிறது.

மலை இயற்கை போட்ட மதில் என்பார்கள். நாம் அதை ஏற்கவில்லை. இம்பால் சமவெளித் தண்ணீரைத் திரட்டி ஓடும் மணிப்பூர் ஆறு, பர்மாவுக்குள் போய்க் கடைசியில் சிந்த்வின் ஆற்றோடு கலக்கிறது. நாகாலாந்தின் லோங்வா ஊரில் தலைவர் வீட்டுக்கு நடுவாகவே எல்லைக்கோடு போகிறது! 1826 யாண்டபோ உடன்படிக்கைக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் படிப்படியாகக் கிழித்த கோடு அது. 1967-இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து உறுதிப்படுத்தின.

1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, கப்பலில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வந்தார்கள். டாமுவிலிருந்து இம்பாலுக்கு ஒரு வழி. வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்குச் சேற்றையும் அட்டையையும் தாண்டி, பாங்சாவ் கணவாய் ஏறி அசாமுக்கு இன்னொரு வழி. அந்த வடக்கு வழியில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. பசியிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டுகளில் கடைகள் நாட்டுடைமையாயின. தமிழகம் திரும்பியவர்களில் சிலர், அங்கே பிழைப்பு அமையாமல் மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே குடியேறினார்கள். அங்காள பரமேசுவரி கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் அமைத்தார்கள்.

மலைவாழ் மக்கள் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை விசா இன்றிப் போய்வரும் ஏற்பாடு இருந்தது. 2024-இல் அதை நிறுத்துவதாகவும், எல்லை நெடுக வேலி கட்டுவதாகவும் நடுவண் அரசு அறிவித்தது. ஆயுதமும் போதைப்பொருளும் வருகின்றன என்கிறார்கள். அந்தக் கவலை பொய்யென்று சொல்லமாட்டோம். ஆனால் வீடு இந்தப் பக்கமும் காடு அந்தப் பக்கமுமாக இருக்கிற கொன்யாக் உழவர் எங்கே போவார்? மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் அவ்வாண்டே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. அவற்றை ஆதரித்து நம் சங்கமும் டெல்லிக்கு எழுத வேண்டும் என்று இக்கூட்டத்தில் கேட்டுக்கொள்கிறோம்.