விற்கும் இடம் எது?



தபால் தலை சேர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பவர் பலர் உண்டு. சேர்த்ததை எங்கே விற்பது என்று சொல்பவர் அரியர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துவந்த நான், சென்ற ஆண்டு அதில் ஒரு பகுதியை விற்க நேர்ந்தது. என் மனைவியின் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் நாள் குறித்துவிட்டார். கையிலிருந்த அவகாசம் மூன்று மாதம்.

இதற்கு முன்பும் ஒருமுறை விற்றதுண்டு. வீட்டுக் கூரையைச் செப்பனிடப் பணம் வேண்டியிருந்தது. ஓர் ஆல்பத்தை அப்படியே கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது, என் ஆல்பத்திலிருந்த ஒரே ஓர் உறை, ஆல்பம் முழுவதற்கும் நான் பெற்ற தொகையினும் கூடுதலான விலைச்சீட்டோடு கண்ணாடிக்குப் பின்னே இருந்தது. வியாபாரியைக் குறைகூற நியாயமில்லை. பேசிய பணத்தை அவர் அப்போதே எண்ணிக் கொடுத்தார். என்னிடம் இருப்பது இன்னதென்று அறியாமல் விற்றது என் பிழை.

ஆகவே இம்முறை கடையைத் தேடுமுன் சேகரத்தை மூன்றாகப் பிரித்தேன்.

முதற்பிரிவு, கடந்த ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த நினைவுத் தபால் தலைகளும் முதல்நாள் உறைகளும். எண்ணிக்கையில் இவையே மிகுதி. மதிப்பில் இவையே குறைவு. விலை ஏறும் என்று நம்பி நான் வாங்கிப் பூட்டி வைத்தேன். என்னைப் போலவே எல்லோரும் பூட்டி வைத்தார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளை எவர் தேடி வருவார்? அச்சிட்ட விலை கிடைத்தாலே பெரிது. இவற்றை மொத்தமாக ஒரு வியாபாரியிடம் கொடுத்தேன். விலைப்பட்டியல் நூல்களில் காணும் தொகை வியாபாரி விற்கும் விலையே அன்றி, நம்மிடம் வாங்கும் விலை அன்று. இதனை உணர்ந்தால் மனத்தாங்கல் பாதி குறையும்.

இரண்டாம் பிரிவு, 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வெளிவந்த காந்தியடிகள் தலைகள். ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என நான்கு. அச்சிட்டது சுவிட்சர்லாந்தில். பத்து ரூபாய் அன்று சாமானியர் தபால் தலைக்குச் செலவிடும் தொகை அன்று. அதனால் அத்தலைக்கு இன்றும் மதிப்புண்டு. அதனாலேயே போலிகளும் உண்டு. 2017இல் இவ்வகைத் தலைகள் நான்கு ஐந்து லட்சம் பவுனுக்கு விலைபோயின என்பது உண்மை. ஆனால் அவை அரசுப் பணிக்கென மேலச்சிட்ட அபூர்வத் தலைகள். அச்செய்தியைப் படித்துவிட்டு நம் வீட்டுத் தலைக்கும் அவ்விலையை எதிர்பார்த்தல் ஆகாது.

மெய்யா போலியா என்னும் ஐயம் எழக்கூடிய பொருளுக்கு ஏலமே தக்க இடம். அங்கே அறிந்தவர் சோதிப்பர். வேண்டியவர் இருவர் போட்டியிட்டால் விலை தானே உயரும். ஏலத்தார் தரகு எடுப்பர், பணம் வரத் தாமதமாகும் என்பவற்றை முன்பே கணக்கிட வேண்டும். இதற்குக் கீழே விற்பதில்லை என்னும் விலையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடற்காற்றின் ஈரத்தால் என் தலையொன்றில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது. அதனை நானே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் பிரிவே என்னைத் தடுமாற வைத்தது. நாகர்கோவிலில் என் தந்தையார் நடத்திய துணிக்கடைக்குத் திருவாங்கூர் அஞ்சலில் வந்த கடித உறைகள் அவை. 1888 முதல் தனக்கெனச் சங்கு முத்திரையிட்ட தலைகளை வெளியிட்ட அந்த அஞ்சல், 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. சக்கரமும் காசும் விலையாகக் குறித்த அத்தலைகளை உறையிலிருந்து நனைத்துப் பிரித்தால் தலை மட்டுமே மிஞ்சும். ஊர் முத்திரையும் நாளும் படியும்படி உறையோடு இருந்தால்தான் அது வரலாறு.

நல்ல ஆறு உறைகளைத் தனித்தனியே ஏலமிட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்றார் ஏலத்தார். சேகரிப்போர் கூட்டமொன்றில் சந்தித்த அன்பர் ஒருவரோ, திருவாங்கூர் அஞ்சல் முத்திரைகளையே ஆராய்பவர், முழுக்கட்டையும் கேட்டார். அவர் சொன்ன விலை சற்றுக் குறைவு. தரகைக் கழித்துப் பார்த்தேன், வேறுபாடு சிறிதே. ஏலப் பணம் வருவதற்குள் மருத்துவர் குறித்த நாள் கடந்துவிடும். அன்பருக்கே கொடுத்தேன். அவர் ஒவ்வோர் உறையின் முத்திரையையும் உருப்பெருக்கி வைத்துப் படித்த பிறகே பணத்தை எண்ணினார்.

நேயர்களே, ‘எங்கே விற்பது?’ என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. எங்கும் கிடைப்பதை வியாபாரியிடமும், அரியதை ஏலத்திலும், ஆராய்ச்சிக்குரியதை அதன் அருமை அறிந்தவரிடமும் கொண்டு செல்க. தேவை வந்தபின் பிரிக்கத் தொடங்காமல், இன்றே பிரித்து எழுதி வையுங்கள். என் மனைவி இப்பொழுது கோலின்றிக் கோயிலுக்கு நடந்து போகிறாள்.